குப்பைக் கிடங்கும் நிலத்தடி நீரும்: மின்தடை ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பைக் கிடங்கு ஓரமாக நாலு கம்பியை அடித்து ஒயரை நீட்டினால் போதும், பத்து நிமிடத்தில் ஆள் கூடிவிடும். முதல் கேள்வி எப்போதுமே "போர் போடப் போறீங்களா?" என்பதுதான். இல்லை, குப்பையிலிருந்து இறங்கும் தண்ணீர் நிலத்துக்கு அடியில் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கிறோம் என்று சொன்னதும் அடுத்தடுத்து வருபவை அனேகமாக எல்லா ஊரிலும் ஒரே கேள்விகள். குடியிருப்போர் சங்கத்தினர், கல்லூரி மாணவர்கள், ஒயரைத் தாண்டிக் குடத்தோடு போகிற பெண்கள் என்று பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக வரும்.

தரையில கம்பி அடிச்சு கரண்ட் விட்டா, கீழ தண்ணி கெட்டிருக்கான்னு எப்படித் தெரியும்?

காபி பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் குப்பை மேட்டின் மேல் விழுந்து, உள்ளே இருக்கிற அழுகல், சாம்பல், உப்பு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்பாகக் கீழே இறங்குகிறது. இதைக் கசிவுநீர் என்கிறோம். இதில் குளோரைடு, சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் ஏராளமாகக் கரைந்திருக்கும். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், நல்ல தண்ணீரில் அவ்வளவு சுலபமாக ஓடாது. மொத்த ஆய்வும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

வெளியே இருக்கிற இரண்டு கம்பி வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விடுவோம். உள்ளே இருக்கிற இரண்டு கம்பிக்கு இடையில் எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்று அளப்போம். மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது, அதாவது அதன் மின்தடை, அதிலிருந்து கிடைக்கும். கம்பிகளை நெருக்கமாக வைத்தால் மேல்மண், தள்ளித் தள்ளி வைத்தால் ஆழம். இது புதிய வித்தையும் இல்லை. பிரான்சில் கான்ராட் ஷ்லும்பெர்ஜர் 1912-இல் வயலில் இறங்கிச் செய்து பார்த்ததும், அமெரிக்காவில் பிராங்க் வென்னர் 1915-இல் எழுதி வைத்ததும்தான் இன்றைக்கும் அடிப்படை. கம்பி அடிக்கும் முறைகளுக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

ஷாக் அடிக்குமா? இந்தப் பக்கம் ஆடு மாடெல்லாம் மேயும்.

அடிக்கும், அதை மறைக்கக்கூடாது. சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான் வைத்திருப்போம், ஆனால் கருவி அதை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தித்தான் மண்ணுக்குள் அனுப்பும். ரீடிங் எடுக்கிற சில விநாடிகள் மட்டும் மின்சாரம் ஓடும், அந்த நேரத்தில் கம்பியையோ மேல்தோல் கிழிந்த ஒயரையோ தொடக்கூடாது. கம்பியிலிருந்து தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை.

ஒழுங்காக வேலை செய்கிற குழு ஒவ்வொரு கம்பியையும் பார்க்கிற தூரத்தில் ஒரு ஆளை நிறுத்தும், ரீடிங்குக்கு முன்னால் குரல் கொடுக்கும். உங்கள் ஊரில் அப்படிச் செய்யவில்லை என்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடங்கள் இவை.

தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தேங்காய் நிமிர்ந்ததா இல்லையா என்பது பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது. அடுத்த நாள் வேறொருவர் அதே இடத்தில் அதே விடையைப் பெறுவாரா என்று சோதிக்க வழி கிடையாது. இங்கே எண் கிடைக்கிறது. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் திரும்ப அளந்து சரிபார்க்கலாம், தப்பு என்றும் நிரூபிக்கலாம்.

ஆனால் ஒன்று. எண்ணை அளப்பது வேறு, அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வது வேறு. அளப்பதில் அவ்வளவாகத் தவறு நடப்பதில்லை, அர்த்தம் சொல்வதில்தான் நிறைய நடக்கிறது. இதற்குக் கீழே வரும் பாதிக் கேள்விகள் அதைப் பற்றியவைதான்.

கம்பி அடியில நீங்களே உப்புத் தண்ணி ஊத்துறீங்களே, அப்ப ரீடிங் தப்பா வராதா?

கேட்டவர் ஒரு டீக்கடைக்காரர். நல்ல கேள்வி. வெயில் காலத்தில் மேல்மண் காய்ந்து பொடியாக இருக்கும், கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இடைவெளி விழுந்து மின்சாரம் உள்ளேயே போகாது. அதனால் ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் கம்பியைச் சுற்றி ஊற்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்குவோம். சுற்றி ஒரு சாண் அளவுக்குத்தான் அது நனைக்கும். நாம் அளப்பது பல மீட்டர் மண்ணை.

இரண்டு கம்பிக்குப் பதிலாக நாலு கம்பி வைப்பதே இதற்காகத்தான். மின்சாரம் விடுகிற கம்பிகள் வேறு, வோல்ட்டை அளக்கிற கம்பிகள் வேறு. அளக்கிற கம்பி வழியாக மின்சாரம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, அதனால் அந்தக் கம்பி மண்ணை எவ்வளவு இறுக்கமாகத் தொடுகிறது என்பது கணக்கில் வராது. இரண்டு கம்பியில் அளந்திருந்தால் டீக்கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரியாகியிருக்கும்.

சரி, எவ்வளவு எண் வந்தா நல்ல தண்ணி, எவ்வளவு வந்தா கெட்ட தண்ணி?

எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நாலு கம்பியையும் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக அடித்திருக்கிறோம். உள்ளே விட்டது 100 மில்லிஆம்பியர், நடுவில் கிடைத்தது 64 மில்லிவோல்ட். வகுத்தால் 0.64 ஓம். இதை 2 × 3.14 × 5 ஆல், அதாவது 31.4 ஆல் பெருக்கினால் சுமார் 20 ஓம்-மீட்டர். இதுதான் அந்த இடத்தின் தோற்ற மின்தடை எண். 'தோற்ற' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இது ஒரு அடுக்கின் எண் கிடையாது, மின்சாரம் போய் வந்த எல்லா அடுக்குகளும் கலந்த எண்.

தண்ணீர்ப் பக்கமாக வருவோம். லேபில் தண்ணீரைக் கொடுத்தால் ஈ.சி. என்று ஒரு எண் தருவார்கள், மின்கடத்துத்திறன், சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ் என்ற கணக்கில். 10,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தண்ணீரின் மின்தடை எண் கிடைத்துவிடும். ஈ.சி. 500 உள்ள நல்ல கிணற்றுத் தண்ணீருக்கு 20 ஓம்-மீட்டர். ஈ.சி. 5,000 உள்ள கசிவுநீர் கலந்த தண்ணீருக்கு 2. கடல்நீர் ஈ.சி. சுமார் 50,000, ஆகவே 0.2. இந்தத் தண்ணீர் மணலுக்குள் நிறைந்திருக்கும்போது மணல் மணிகள் மின்சாரத்தைத் தடுப்பதால் எண் ஏறத்தாழ நாலைந்து மடங்கு உயரும். நல்ல தண்ணீர் நிறைந்த மணல் 80 முதல் 100, கசிவுநீர் கலந்த மணல் 8 முதல் 10, கடல்நீர் நிறைந்த மணல் 1 பக்கம்.

இவ்வளவு இடைவெளி இருந்தால் பிரித்துச் சொல்வது சுலபம்தானே என்று தோன்றும். சுத்தமான மணல் மட்டும் இருக்கிற ஊரில் சுலபம்தான். பிரச்சினை களிமண். நல்ல தண்ணீரோடு இருக்கிற வெறும் களிமண்ணே 5 முதல் 20 ஓம்-மீட்டர் வரை காட்டும், ஏனென்றால் களிமண் துகளின் மேற்பரப்பே மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே "10-க்குக் கீழே என்றால் மாசு" என்று எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டுத் தருகிறவரை நம்ப வேண்டாம்.

ரிப்போர்ட் படத்துல நீலமா இருக்கே, அப்ப அங்க தண்ணி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத நினைத்தேன். படம் எடுக்கும்போது நிறையக் கம்பிகளை ஒரே கோட்டில் அடித்து, நாலு நாலாக மாற்றி மாற்றி அளப்போம்; அந்த எண்களிலிருந்து கணினி நிலத்தின் குறுக்குவெட்டை நிறங்களால் வரையும். பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் நீலம் என்றால் குறைந்த மின்தடை, சிவப்பு அல்லது ஊதா என்றால் அதிக மின்தடை. குப்பைக் கிடங்குப் பக்கத்தில் எடுத்த படத்தில் அடர்நீலமாக இருப்பது அனேகமாகக் கசிவுநீர், இல்லாவிட்டால் களிமண். நம் கண்ணுக்கோ நீலம் தண்ணீர், சிவப்பு ஆபத்து. ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் தன் வீட்டுப் பக்கம் அடர்நீலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் தண்ணி நிறைய இருக்குன்னு படத்துலயே தெரியுது" என்று நிம்மதியாகச் சொன்னார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

படத்தைப் பார்ப்பதற்கு முன் கீழே இருக்கிற அளவுப் பட்டையைப் பாருங்கள். இரண்டு படங்களை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவுப் பட்டைதானா என்றும் பாருங்கள், ஒரு படத்தின் நீலம் 5 ஆகவும் அடுத்ததன் நீலம் 50 ஆகவும் இருப்பது சாதாரணம். மக்களிடம் காட்டுகிற படத்தில் நிறத்தை மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதையாவது செய்து கொடுங்கள் என்று ஆய்வு செய்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்க ஏரியா சதுப்பு நிலம். களிமண்ணும் இருக்கு, உப்புக் கழியும் பக்கத்துல இருக்கு. அப்ப எது குப்பைத் தண்ணின்னு எப்படிப் பிரிப்பீங்க?

சென்னையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இதற்கு நேரான உதாரணம். அது இருப்பதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. ஆக மேலே சொன்ன மூன்றுமே, களிமண், உப்புநீர், கசிவுநீர், ஒரே இடத்தில் இருக்க வாய்ப்புண்டு. மூன்றுமே குறைந்த எண்தான் காட்டும். இங்கே மின்தடைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இது கசிவுநீர்" என்று எழுதினால் அது ஊகம்.

பிரிக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். ஒன்று, அதே கம்பிகளை வைத்தே தூண்டு மின்முனைவு என்ற அளவையும் எடுப்பது. மின்சாரத்தை நிறுத்திய பிறகு மண்ணில் வோல்ட் உடனே விழுகிறதா, மெல்ல விழுகிறதா என்று பார்ப்பார்கள். களிமண் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து விடும். உப்புநீர் நிறைந்த சுத்த மணலில் அப்படிப் பிடிமானம் இருக்காது. குப்பை மேட்டுக்குள் உலோகத் துண்டும் அழுகலும் கலந்து கிடப்பதால் அங்கே இந்த அளவு பெரும்பாலும் தூக்கலாக இருக்கும்.

இரண்டாவது, ஏற்கெனவே போட்ட போர்களில் என்ன மண் வந்தது என்ற விவரம். போர் போட்டவரைத் தேடிப் பிடித்து "இத்தனை அடியில் களி, அதற்குக் கீழ் மணல், அப்புறம் பாறை" என்று எழுதி வாங்கினால், பல சமயம் அதுவே பாதி விடை. மூன்றாவது, தண்ணீரை எடுத்து லேபில் சோதிப்பது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கடல் தண்ணி ஏறியிருக்கு, குப்பையால இல்லைன்னு சொல்றாங்க. அதை எப்படி மறுப்பது?

மறுப்பதற்கு முன் அது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். வடசென்னையில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில் இந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

லேப் அறிக்கையில் உப்புகளின் விகிதம் பேசும். கடல்நீரில் மெக்னீசியம் கால்சியத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும், குளோரைடு புரோமைடைப் போல எடையில் சுமார் 290 மடங்கு இருக்கும். அம்மோனியா கடல்நீரில் ஏறக்குறைய இல்லை. கசிவுநீரிலோ அம்மோனியாவும் பொட்டாசியமும் அள்ளிக்கொண்டு வரும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500, 2012) அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கிடங்கை நோக்கிப் போகப் போக அம்மோனியா ஏறுகிறது, கடலை நோக்கிப் போனால் ஏறவில்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் செப்டிக் டேங்கிலிருந்தும் அம்மோனியா வரும், ஆகவே ஒரே ஒரு கிணற்றை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

நைட்ரேட் டெஸ்ட் பண்ணினோம், கம்மியாத்தான் இருக்கு. அப்ப கசிவுநீர் வரலைன்னு எடுத்துக்கலாமா?

முடியாது. குப்பைக்குள் காற்று இல்லை, அங்கே நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே இருக்கும். கிடங்குக்குப் பக்கத்துக் கிணற்றில் நைட்ரேட் குறைவாக இருப்பதே இயல்பு. கொஞ்சம் தள்ளிப் போய், காற்றுப் படுகிற இடத்தில்தான் அது நைட்ரேட்டாக மாறும், நைட்ரேட்டின் வரம்பு 45 மில்லிகிராம். டெஸ்ட் எழுதிக் கொடுக்கும்போதே அம்மோனியா, குளோரைடு, பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

எவ்வளவு நீளம் ஒயர் இழுத்தா எவ்வளவு ஆழம் தெரியும்? 200 மீட்டர் இழுத்தா 200 மீட்டர் ஆழம்னு ஒருத்தர் சொன்னார்.

அவர் சொன்னது தவறு. வெளிக்கம்பிகளுக்கு இடையே 200 மீட்டர் இருந்தால் சுமார் 40 மீட்டர் ஆழம் வரைதான் நம்பிக்கையாகப் பேசலாம், ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 48 கம்பிகளை 5 மீட்டர் இடைவெளியில் அடித்தால் கோட்டின் நீளம் 235 மீட்டர், கோட்டின் நடுவில் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம். அதே 48 கம்பியை 2 மீட்டர் இடைவெளியில் அடித்தால் 94 மீட்டர் நீளம், 16 மீட்டர் போல ஆழம், ஆனால் படம் நுணுக்கமாக இருக்கும்.

கசிவுநீர் முதலில் மேல் நீர்த்தாங்கியில்தான், அதாவது நிலத்தடி நீர் நிறைந்திருக்கும் மேல் அடுக்கில்தான் பரவும். அதனால் பல இடங்களில் நீளக் கோட்டைவிட நெருக்கமான கோடுதான் பயன் தரும். இரண்டும் எடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் கிடங்கைச் சுற்றி 235 மீட்டர் நேர்க்கோடு கிடைப்பதே அபூர்வம். வீடு, சாக்கடை, சுற்றுச்சுவர் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும்.

கோட்டை எங்க போடணும்? குப்பை மேட்டு மேலேயே போடலாமா?

மேட்டின் மேல் போட்டால் குப்பை எவ்வளவு ஆழம், உள்ளே எங்கே ஈரம் தேங்கியிருக்கிறது என்று தெரியும், அதுவும் தேவைதான். ஆனால் பக்கத்துத் தெருக் கிணற்றுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. அதற்குத் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். குறைந்தது மூன்று கிணற்றில் நீர்மட்டத்தைக் கடல்மட்டக் கணக்கில் அளந்தால் ஓட்டத்தின் திசை கிடைக்கும்.

பிறகு ஓட்டத்துக்குக் குறுக்காக, கிடங்குக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் நகர்ந்து போகிற பக்கம், இரண்டு மூன்று கோடு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தள்ளி. மேற்பக்கம், அதாவது கசிவுநீர் போக வாய்ப்பே இல்லாத பக்கம், கட்டாயம் ஒரு கோடு. இந்தக் கடைசிக் கோட்டைத்தான் செலவு மிச்சம் என்று பலரும் வெட்டிவிடுகிறார்கள். அது இல்லாமல் உங்கள் மண்ணின் இயல்பான எண் என்னவென்றே தெரியாது. இயல்பு தெரியாமல் எதை மாசு என்பது?

படத்துல அவ்வளவு தெளிவாத் தெரியுது, அப்புறம் என்ன சந்தேகம்?

ஒரு ஊரில் நாங்கள் எடுத்த கோட்டில், 3 மீட்டர் ஆழத்தில் அச்சு அசலாகக் கசிவுநீர் நாக்கு நீட்டியதுபோல ஒரு அடர்நீலப் பகுதி வந்தது. எண் 4 ஓம்-மீட்டர். எல்லாரும் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டோம். மறுநாள் அங்கே கைத்துளை போட்டுப் பார்த்தால் காய்ந்த சரளை. அப்புறம்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி, அந்த வழியாகப் பழைய இரும்புக் குழாய் போகிறது, இப்போது தண்ணீர் வருவதில்லை என்றார். முந்தைய நாளே அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் காலையிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

இரும்புக் குழாய், முள்வேலி, மண்ணில் புதைத்த மின்கேபிள், கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி எல்லாமே படத்தைக் கெடுக்கும். கோடு போடும் முன் அந்தத் தெருவில் வெகுநாளாக இருப்பவர்களிடம் கேட்பது கருவியைச் சரிபார்ப்பதற்குச் சமம்.

ரிப்போர்ட்ல பிழை 3 சதவீதம்னு போட்டிருக்கு. அப்ப 97 சதவீதம் சரிதானே?

அந்த 3 சதவீதத்துக்கு அர்த்தம் வேறு. கணினி ஒரு நில அமைப்பை ஊகிக்கிறது, அந்த அமைப்பில் அளந்தால் என்ன எண் வரும் என்று கணக்கிடுகிறது, அது நாம் அளந்த எண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் அந்தப் பிழை. வேறு வேறு நில அமைப்புகள் ஒரே எண்ணைத் தரலாம். 2 ஓம்-மீட்டரில் 2 மீட்டர் தடிப்பான ஒரு அடுக்கும், 4 ஓம்-மீட்டரில் 4 மீட்டர் தடிப்பான அடுக்கும் மேலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது கடுமையான மாசு, இரண்டாவது களிமண்ணாகக்கூட இருக்கலாம்.

பிழை 30 சதவீதம் என்றால் தரவு மோசம் என்று சொல்லலாம். 3 சதவீதம் என்பதால் முடிவு சரி என்று சொல்ல முடியாது. படத்தின் அடிமூலைகளையும் நம்ப வேண்டாம், அங்கே அளவுகள் மிகக் குறைவு, கணினி நிரப்பி வைத்திருக்கும்.

மழைக்கு முன்னாடி எடுக்கணுமா, பின்னாடியா?

இரண்டும், அதே கோட்டில், அதே கம்பி இடங்களில். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஆகவே செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. களிமண் நாலு மாதத்தில் மாறிவிடாது. கசிவுநீர் நகரும். எண் மாறிய இடம் எது, மாறாத இடம் எது என்று பார்ப்பதே மேலே கேட்ட களிமண் கேள்விக்கு இன்னொரு நல்ல விடை.

மழைக்குப் பின் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சில இடத்தில் மழை கரைத்து நீர்க்கச் செய்யும், சில இடத்தில் குப்பைக்குள் தேங்கியிருந்ததை அலசிக் கீழே தள்ளி நிலைமையை மோசமாக்கும். வெப்பநிலையையும் குறித்து வையுங்கள், ஒரு டிகிரி கூடினால் எண் சுமார் 2 சதவீதம் குறையும். மேல்மண்ணில் சித்திரைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தை மாசு என்று நினைத்துவிடக்கூடாது.

நாங்க கோவை வெள்ளலூர் பக்கம். இங்க பாறை. பாறைக்குள்ள எப்படித் தண்ணி போகும்?

பாறைக்குள் போகாது, பாறையின் வெடிப்புக்குள் போகும். மணலில் கசிவுநீர் அகலமாக, மெதுவாகப் பரவும், எங்கே போகிறது என்று ஓரளவு சொல்லலாம். பாறை நிலத்தில் மேலே சிதைந்த மண், கீழே கெட்டிப் பாறை, நடுவே மெல்லிய வெடிப்புகள். அதன் வழியாகத் தண்ணீர் வெகுதூரம் போய், பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுத் தள்ளியிருக்கிற கிணற்றில் வந்து நிற்கும். "எதிர் வீட்டு போர்ல நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஒருவரின் புகாரை ஒதுக்குவது பாறை ஊரில் நியாயமே இல்லை.

கெட்டிப் பாறை ஆயிரக்கணக்கில் ஓம்-மீட்டர் காட்டும், ஈரமான வெடிப்பு மண்டலம் அதில் பளிச்சென்று பள்ளமாகத் தெரியும், அது நமக்குச் சாதகம். பாதகம் என்னவென்றால் கம்பி இடைவெளியைவிட ரொம்பச் சின்னதாக இருப்பது படத்தில் வராது. கோடு வெடிப்புக்குக் குறுக்கே போக வேண்டும், அதன் திசையிலேயே போனால் தவறிவிடும்.

ஈயம், பாதரசம், கிருமி இதெல்லாம் இந்த ஆய்வுல தெரியுமா?

தெரியாது. குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு, லேபில் டி.டி.எஸ். என்பார்கள், ஏற்கத்தக்க வரம்பு 500 மில்லிகிராம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இருக்கிற ஈயத்தால் மின்தடை எண் அசையக்கூட அசையாது. கிருமிக்கும் பூச்சிமருந்துக்கும் இதே கதைதான்.

மின்தடை ஆய்வு "இந்த இடத்தில் தோண்டிப் பாருங்கள், இந்தக் கிணற்றில் மாதிரி எடுங்கள்" என்று சுட்டிக்காட்டும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று லேப்தான் சொல்லும். கண்ட இடத்தில் இருபது கண்காணிப்புத் துளை போடுவதற்குப் பதில் சரியான ஐந்து இடத்தில் போட உதவுகிறதே, அதுதான் இதன் பெரிய பலன். "மின்தடை நன்றாக இருக்கிறது, ஆகவே தண்ணீர் குடிக்கலாம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை ஏற்காதீர்கள்.

புதுக் கிடங்குல அடியில பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்காங்களாம். அப்ப ஆய்வே தேவையில்லையே?

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டது 1.5 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. ஷீட், அதன் அடியில் 90 சென்டிமீட்டர் இறுக்கிய களிமண். அந்தக் களியில் தண்ணீர் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நகரக்கூடாது, அதாவது ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். சரியாகப் போட்டால் நல்ல பாதுகாப்புதான். நம் பழைய கிடங்குகள் பெரும்பாலும் வெறும் தரையில் கொட்டியவை, இந்த ஷீட்டெல்லாம் அங்கே கிடையாது.

ஷீட்டில் ஓட்டை விழுந்ததா என்பதையும் மின்சாரத்தால் பார்க்கலாம். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஷீட்டுக்கு மேலே ஒரு முனை, வெளியே மண்ணில் ஒரு முனை வைத்தால், மின்சாரம் ஓட்டை வழியாக மட்டுமே போக முடியும், அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். குப்பை கொட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கொட்டிய பிறகு மேட்டின் மேலிருந்து சாதாரணக் கோடு எடுத்தால் ஷீட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது, வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

பயோமைனிங் பண்ணி குப்பையை அள்ளிட்டா தண்ணி சரியாயிடுமா?

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுகிற வேலை எடுக்கப்பட்டிருப்பது நல்ல விஷயம், ஊற்றுக்கண்ணை அடைப்பது மாதிரி. ஆனால் ஏற்கெனவே கீழே இறங்கியது அங்கேதான் இருக்கும். மணலில் மெல்ல நகரும், களிமண்ணில் ஊறியது வெகுநாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அள்ளி முடித்தது என்று அறிவித்த பிறகும் முன்பு எடுத்த அதே கோடுகளில் ஆண்டுக்கு இருமுறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எண் மெல்ல உயர்ந்தால் நிலம் தேறுகிறது என்று சொல்லலாம். அதற்கு அள்ளுவதற்கு முன்பே ஒருமுறை எடுத்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள்.

எங்க கிணத்துத் தண்ணி ருசி மாறலை. ஆர்.ஓ.வும் போட்டிருக்கோம். இன்னும் என்ன பண்ணணும்?

ருசி மாறாமல் இருப்பது உப்பு அதிகம் இல்லை என்பதற்கு மட்டும் சாட்சி, ஈயம் நாக்குக்குத் தெரியாது. ஆர்.ஓ. உப்பைக் குறைக்கும், உலோகங்களையும் பெரும்பாலும் தடுக்கும், சில சிறிய கரிமச் சேர்மங்கள் தாண்டிவிடும், சவ்வு பழசானால் எல்லாமே தாண்டும். கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்தான், உப்பும் நைட்ரேட்டும் கொதித்தால் இன்னும் செறிவாகும்.

தெருவில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். கிடங்குக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு மூன்று, தள்ளி ஒன்று என்று கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, சின்ன ஈ.சி. மீட்டரால் மாதம் ஒருமுறை அளந்து, தேதி, நீர்மட்டம், அளவு மூன்றையும் எழுதுங்கள். ஆண்டுக்கு இருமுறை அதே கிணறுகளிலிருந்து லேபுக்கு அனுப்புங்கள், அம்மோனியாவும் ஈயமும் கட்டாயம் கேட்டு. ஆய்வுக் குழு வந்தால் அந்த நோட்டைக் காட்டுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் அதிகாரியைப் பார்க்கப் போனாலும் படத்தோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் கையால் போட்டு வையுங்கள், பழைய இரும்புக் குழாய் போகிற வழியையும் சேர்த்து.